நகருதும்மா, நகருது

அத்தியாயம் 19

வியாழக்கிழமை காலை. பத்து மணி ஆக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. மாமா தலை சீவிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு எதற்குத் தலை சீவ வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. முதலில் சவரம். பிறகு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பிறகு சீப்பு. பழைய டியூட்டி டைரியைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மருமகளின் விசா ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வருவார். வாரத்துக்கு ஒருமுறைதான். அவர் மட்டும்தான்.

அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. மாமா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒவ்வொரு கட்டடத்து லிஃப்டுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கயிறு, பிரேக், கதவு எல்லாம் சரி என்று ஒரு சான்றிதழ் வேண்டும். கட்டடக்காரர்கள் ஃபோன் மேல் ஃபோன் போடுவார்கள். "சார், நம்ம ஃபைல் என்ன ஆச்சு?" என்று எவன் கேட்கிறானோ, அவனுடைய ஃபைலை உருவி அடுக்கின் அடியில் வைத்துவிடுவார். கேட்காதவனுக்கு முதல் கையெழுத்து. உலகத்தில் எல்லா அலுவலகமும் அப்படித்தான் நடக்கிறது என்பது மாமாவின் அசையாத நம்பிக்கை. ஒரு நாளைக்குப் பத்து தடவை ஸ்டேட்டஸ் பார்த்தால், அங்கே இருக்கிற ஆபீசர் கடுப்பாகி ஃபைலை அடியில் தள்ளிவிடுவான். ஆகவே வாரத்துக்கு ஒன்று, மரியாதையாக, பத்து மணிக்கு.

மருமகளும் அதை நம்பியிருந்தாள். இரண்டு வருஷம் பத்து மாதமாக.

அவளை லேபில் 'மெழுகு' என்பார்கள். பல் செட் செய்கிற லேப். பல்லை மெழுகில் வைத்துப் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கணவன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். அவளை அங்கே அழைத்துக்கொள்ளப் போட்ட விண்ணப்பம்தான் மாமாவின் டைரிக்குள் இருந்தது.

இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இந்த வியாழக்கிழமை மட்டும் பொறுக்க முடியவில்லை. லேபுக்குப் புது மெஷின் வருகிறது. கம்ப்யூட்டரில் வரைந்தால் பல்லைக் கடைந்து கொடுக்கும். அதைக் கற்றுக்கொள்ள ஒருத்தரை அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். "இருப்பியா, போயிடுவியா? வியாழக்கிழமைக்குள்ள சொல்லு" என்று ஓனரம்மா போன வாரம் கேட்டிருந்தாள் அல்லவா? அந்த வியாழன் வந்துவிட்டது.

"மாமா, இன்னைக்கு நானும் கூட உட்கார்ந்து பாக்கட்டுமா?"

சீப்பு நடு உச்சியில் நின்றது.

"எதுக்கும்மா?"

"ஓனரம்மாவுக்குப் பதில் சொல்லணும். எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சா..."

"கட்டம் கட்டமாப் பாக்க அது என்ன குறுக்கெழுத்துப் போட்டியா? நீ கிளம்பு. நேரமாகுது பாரு."

கதவு சாத்திக்கொண்டது. ஆறு நிமிஷம். கதவு திறந்தது. மாமா முகத்தில் மருந்து கொடுத்த டாக்டரின் திருப்தி.

"நகருதும்மா, நகருது."

சோபாவில் காலை நீட்டிக் கிடந்த நாத்தனார் தலையைத் திருப்பினாள். கூரியர் ஆபீஸ் கவுன்டரில் வேலை. அன்று அவளுக்கு வார லீவு.

"ஏம்ப்பா, அது ஃபைலா, நத்தையா? மூணு வருஷமா நகருது. இந்நேரம் நடந்தே போயிருந்தாகூட அண்ணி அண்ணன் வீட்டு வாசல்ல நின்னிருப்பாங்க."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"தேங்க்ஸ் மாமா" என்றாள் மெழுகு, வழக்கம்போல. அவருக்கு டீ வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

•

பல் லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு அருவருப்பு என்பது முதல் மாதத்தோடு போய்விடும்.

டாக்டர்களிடமிருந்து டப்பாக்கள் வரும். சிலதில் அச்சு இருக்கும்: வாய்க்குள் மாவு போல ஒன்றை அழுத்தி எடுத்த அச்சு, எச்சிலோடு. சிலதில் உடைந்த பல் செட், நேற்றைய சாப்பாட்டோடு. முதலில் கழுவி, மருந்துத் தண்ணீரில் போட வேண்டும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த மனிதரின் ஈறு மேசைமேல் வந்து நிற்கும். அதன்மேல் மெழுகு, மெழுகில் பல், பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக். ஒரு முடி அளவு தப்பினாலும் செட் வாயில் உட்காராது. ஆடும், குத்தும், புண்ணாக்கும். யாருடைய வாயாக இருந்தாலும் சரி, மெழுகு முகம் சுளித்ததே கிடையாது.

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனபோது அவள் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. அது டைரியில் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியும் மாமாவுடையது. விண்ணப்பம் போட்ட அன்று அவர்தான் தன்னுடையதைப் போட்டார். ஆனால் ஃபோன் நம்பர் கேட்ட இடத்தில் மட்டும் அவளுடையதைப் போடச் சொல்லியிருந்தார். தன் நம்பரைக் கண்டவனுக்கும் தரமாட்டார் மாமா.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்பதைத் தட்டினாள். இப்படிப்பட்ட தளங்கள் டைரி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஃபோன் யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்க்கும். ஆறு எண் அவள் ஃபோனுக்கு வந்தது. போட்டாள். திறந்துகொண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

மேலே கொட்டை எழுத்தில் ஒரே வரி: பரிசீலனையில் உள்ளது.

மாமா சொன்னது உண்மைதான். மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

மூடப் போனவள் கை நின்றது. வலது மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு தபால் உறைப் படம். தட்டினாள்.

ஸ்டேட்டஸ் பார்ப்பதில் பலரும் தவறவிடுவது இதைத்தான். மேலே இருக்கிற வரி எல்லோருக்கும் பொதுவானது. விண்ணப்பம் போட்ட மறுநாளும் அதே வரி, முடிவு எழுதுவதற்கு முந்தின நாளும் அதே வரி. ஃபைல் உள்ளே மேஜை மேஜையாகப் போகும். முதல் மேஜையில் காகிதம் சரியா என்று பார்ப்பார்கள். அடுத்ததில் கல்யாணம் நிஜமா என்று. அதற்கடுத்து போலீஸ் விசாரணை. கடைசி மேஜையில்தான் முடிவு. ஒரு மேஜைக்காரருக்கு ஏதாவது வேண்டுமென்றால் மேல்வரியை மாற்றமாட்டார். கடிதம் போடுவார். அது உறைக்குள் கிடக்கும்.

உறைக்குள் ஒரு கடிதம் கிடந்தது.

'தங்களது மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிவிட்டது. புதிய பரிசோதனை அறிக்கையை அறுபது நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். தவறினால் விண்ணப்பம் மூடப்படும்.'

மெடிக்கல் ஒரு வருஷம்தான் செல்லும். காலாவதியானவுடனே மறுபடி கேட்கமாட்டார்கள். கேட்டு, அதுவும் காலாவதியானால் இரட்டை வேலை. மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்பார்கள். ஆகவே அந்தக் கடிதத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஃபைல் கடைசி மேஜைக்கு வந்துவிட்டது.

தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அறுபதாவது நாள் இன்று. நேரம், மாலை ஐந்து மணி வரை.

கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'படிக்கப்பட்டது: வியாழன், காலை 10.04.' கடிதம் வந்த அதே வாரத்து வியாழன்.

அந்த வியாழன் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று சாயங்காலம் மாமா பல் செட் ஆடுகிறது என்று கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் செய்த செட்தான். எச்சில் நூலாக இழுபட்டது. "உன் கை பட்டாத்தாம்மா சரியா உட்காருது" என்று பொக்கை வாயால் சிரித்தார். அவள் அதைக் கழுவி, லேபுக்கு எடுத்துவந்து, உள்பக்கம் புதுப் பூச்சு கொடுத்து, மறுநாள் அவர் வாயில் பொருத்திப் பார்த்து, "கடிங்க மாமா, வலிக்குதா?" என்று கேட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு முன்னாலேயே அவர் கடிதத்தைப் படித்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்த எட்டு வியாழன். எட்டு 'நகருதும்மா'. எட்டு 'தேங்க்ஸ் மாமா'. எட்டு டீ.

கழுவுத்தொட்டிக்கு ஓடினாள். ஒன்றும் வரவில்லை, கசப்பு மட்டும். பக்கத்துத் தட்டில் முன்பின் தெரியாத பதினோரு பேருடைய பல் செட்கள் மருந்துத் தண்ணீரில் கிடந்தன. அதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தான் சொன்ன அந்த 'தேங்க்ஸ்'தான் குமட்டியது.

சாப்பிட்டுவிட்டு வந்த ஓனரம்மா வாசலிலேயே நின்றாள்.

"என்னடி மெழுகு, மூஞ்சி பிளாஸ்டர் அடிச்ச மாதிரி இருக்கு?"

"அரை நாள் லீவு வேணும்மா."

"என் பதிலு?"

"சாயந்தரம் சொல்றேன்."

•

அழுதால் நேரம் போகும். மெழுகு அழவில்லை. தளத்தைத் துருவினாள். 'கூடுதல் அவகாசம் கோருதல்' என்று ஒரு படிவம் இருந்தது. மூன்று பொருள் கேட்டது: மெடிக்கலுக்கு நாள் குறித்த சீட்டு, பாஸ்போர்ட் நகல், தாமதத்துக்குக் காரணம்.

அனுமதி பெற்ற டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள். நாற்பது நிமிஷம் வரிசையில் காத்திருந்தாள். பதினோரு நாள் கழித்து ஒரு நேரம் கிடைத்தது. சீட்டு ஃபோனுக்கு வந்தது. பாஸ்போர்ட் வீட்டில், மாமாவின் பீரோவில்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. மாமா ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டை இன்னும் கசங்கவில்லை.

"மாமா, பீரோ சாவி."

"எதுக்கும்மா?"

"என் பாஸ்போர்ட் வேணும்."

"இப்ப என்ன அவசரம்? விசா வரட்டும், நானே எடுத்து..."

"மெடிக்கல் கேட்டு லெட்டர் வந்திருக்கு. நீங்க படிச்சிருக்கீங்க. பத்து மணி நாலு நிமிஷத்துக்கு."

மாமா பேப்பரை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார்.

"எந்த லெட்டர்? மேல பரிசீலனைன்னுதானே போட்டிருக்கு."

"உள்ள இருக்கு மாமா. படிச்சாச்சுன்னு போட்டிருக்கு."

"படிச்சிருப்பேன். வயசாச்சுல்ல, மறந்திருப்பேன்."

"எட்டு வாரமாவா?"

"மறக்கல. சமயம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

நாத்தனார் சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்பா! ஒரு நிமிஷத்துல மூணு மாடி இறங்கிட்டீங்க. இன்னும் எத்தனை இருக்கு?"

"நீ சும்மா இரு."

"சமயம் பாத்துன்னா எப்போ மாமா?" என்றாள் மெழுகு. "இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது."

அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. மெழுகு அதைப் பார்த்தாள். காலையில் அந்த ஆறு நிமிஷமும் இவர் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறார். எண்ணி முடித்து, வெளியே வந்து, சிரித்திருக்கிறார்.

"எனக்கு முழங்கால் ஆபரேஷன் வருதும்மா. அப்புறம் ஆறு வாரம் படுக்கை. கையைப் பிடிச்சு நடக்க வைக்கணும், குளிப்பாட்டணும். இவளா செய்வா?"

"ஏன், நான் என்ன அந்நியமா?" என்றாள் நாத்தனார்.

"உனக்குப் பொறுமை கிடையாது. அவ கை மாதிரி வருமா?" மாமா மருமகளைப் பார்த்து, குரலைக் குழைத்தார். "கடைசி மேஜைக்கு வந்துடுச்சுன்னு அந்த லெட்டரப் பாத்ததும் புரிஞ்சுது. நான் பாக்காத ஃபைலா? விட்டா நீ போயிடுவே. மூடினா மூடட்டும், மறுபடி போட்டுக்கலாம்னு நினைச்சேன். இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? எல்லாம் உன் மேல இருக்கிற பாசம்தானேம்மா."

பாசம் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து, அவள் செய்து கொடுத்த பற்களுக்கு இடையில் வழிந்து வந்தது.

"கேட்டிருந்தா இருந்திருப்பேன் மாமா. ஆபரேஷன் முடியற வரைக்கும்."

"கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லிட்டா?"

அவள் கையை நீட்டினாள். மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முதலில் சாவியையும் பிறகு கையையும் கழுவினாள். அதன் பிறகுதான் பீரோவைத் திறந்தாள்.

•

நாலு இருபது. நாத்தனாரின் லேப்டாப் மேஜைமேல் திறந்திருந்தது. சீட்டு ஏறிவிட்டது. பாஸ்போர்ட் ஏறிவிட்டது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது: தாமதத்துக்கான காரணம், ஐந்நூறு எழுத்துக்கு மிகாமல்.

"உடம்பு சரியில்லைன்னு எழுதிடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "எங்க கவுன்டர்ல வர்றவங்க எல்லாம் அதைத்தான் எழுதறாங்க. யார் வந்து பாக்கப் போறா?"

"ஊர்ல இல்லைன்னு போடு" என்று ஜன்னலோரத்திலிருந்து யோசனை வந்தது. மாமாதான். உதவி செய்கிற தொனியில்.

மெழுகு திரும்பாமலே சொன்னாள். "இந்த லெட்டர் எப்போ திறந்ததுன்னு நமக்குத் தெரியுற மாதிரி அவங்களுக்கும் தெரியும். உடம்பு சரியில்லாதவ, ஊர்ல இல்லாதவ, எப்படிப் பத்து மணிக்குத் திறந்து படிச்சா? முதல் கேள்வியே அதுதான் வரும். பொய்யின்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா எந்த ஃபைலும் எனக்கு உதவாது."

விரல்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு வாக்கியமாக எழுதினாள். அழகு பார்க்கவில்லை.

'என் கணக்கை என் மாமனார் பார்த்துவந்தார். உங்கள் கடிதத்தை வந்த வாரமே அவர் திறந்து படித்தார். நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் மறைத்தார். இன்று மதியம்தான் நான் முதன்முறையாக அதைப் பார்த்தேன். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டேன். அவகாசம் தரவும்.'

மாமா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சர்க்கார் காகிதத்துல... என் பேரா? முப்பத்தொரு வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாம வேலை பாத்தவன்மா நான்."

"பேர் போடல மாமா. உறவுதான் போட்டிருக்கேன்."

"நம்ம வீட்டு விஷயத்தைக் கண்டவன் படிக்கணுமா? அசிங்கமா இல்ல?"

"அசிங்கம்தான்" என்று சொல்லி, 'சமர்ப்பி' என்பதை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. நாத்தனார் வாயில் கைவைத்துக்கொண்டாள். பச்சை எழுத்தில் ஒப்புகை வந்தது. நேரம் 4.41.

மாமா தட்டுத்தடுமாறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவல் யாரோ பார்க்கட்டும் என்று நடந்த மாதிரி இருந்தது. மெழுகு பார்க்கவில்லை.

ஃபோன் அடித்தது. கணவன்.

அவன் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். வேலை நாளில், அதுவும் ஷிஃப்ட் நேரத்தில், அவன் கூப்பிட்டதே கிடையாது. இவனிடம் எப்படி ஆரம்பிப்பது, அப்பாவைப் பற்றி எந்த வாயால் சொல்வது என்று யோசித்துக்கொண்டே எடுத்தாள். நாத்தனார் எட்டி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே நீ?" அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அப்பா மறைச்சாருன்னு எழுதுவியா? பெரிய மனுஷன்! உனக்கு அறிவு இருக்கா?"

மெழுகு லேப்டாப் மூலையில் மணியைப் பார்த்தாள். 4.46.

"நான் எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா? மெயில் வந்துச்சு. அழைக்கிறவன் நான்தானே! அந்த ஃபைல்ல ஒரு துரும்பு அசைஞ்சாலும் எனக்கும் ஒரு காப்பி வ..."

பேச்சு பாதியில் அறுந்தது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது அவனுக்கு. கிடங்கில் எங்கோ குளிர் இயந்திரம் உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் 'என் பக்கம் ஒண்ணும் தெரியாது, அப்பாவைக் கேளு' என்றுதான் அவன் சொல்லிவந்தான். அவள் இப்போது எழுதியது ஐந்து நிமிஷத்தில் அவனுக்குப் போயிருக்கிறது. அப்படியானால் அறுபது நாளுக்கு முன்னால் வந்த மெடிக்கல் கடிதமும் ஐந்தே நிமிஷத்தில் போயிருக்கும். மாமாவின் வியாழக்கிழமைக்கும் முன்னால்.

நாத்தனார் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"ஃபோனை வைம்மா" என்றார் மாமா. பாதி எழுந்துவிட்டிருந்தார். "அவன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். வைம்மா."

இந்த மனிதருக்கு முழங்கால். அவனுக்கு என்ன?

மெழுகு ஃபோனை வைக்கவில்லை. அதை மேஜை நடுவில் தள்ளி வைத்தாள், கழுவாத பல் செட்டை வைப்பதுபோல, விரல் நுனியால்.

"சொல்லுங்க" என்றாள். "மூணு பேரும் கேட்டுட்டு இருக்கோம்."